மஞ்சள் டேப்புக்கு இந்தப் பக்கம்

எங்கள் மாவட்டமான பிளம் கிரீக் கவுண்டியில் துப்பாக்கி எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் கிடையாது. தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. டேப்புக்கு அந்தப் பக்கம் இருக்கலாம், இந்தப் பக்கம் கூடாது. டெக்ஸாஸ் முழுக்கத் தேடினாலும் இவ்வளவு தெளிவான ஏற்பாட்டை வேறு கவுண்டியில் பார்க்க முடியாது என்று கமிஷனர் ஆல்வின் யானெச்கா சொல்வார். அவர்தான் அந்தக் கமிட்டியின் தலைவர். கமிட்டிக்கு 'கலப்புப் பயன்பாட்டுப் பொதுக்கட்டட மறைவாயுத எல்லை நிர்ணயக் குழு' என்று முழுப்பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும் என்பதால் ஊரில் டேப் கமிட்டி என்றே சொல்லிக்கொள்கிறோம்.

கமிட்டி வந்ததற்கு ஆலங்கட்டி மழைதான் காரணம். போன வருஷம் ஏப்ரலில் பெய்த மழையில் பழைய கோர்ட்டு மாளிகையின் கூரை சல்லடையாகிவிட்டது. கவுண்டி அலுவலகங்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலை ஓரம் மூடிக்கிடந்த பெரிய மளிகைக்கடைக் கட்டடத்துக்குக் குடிபோயின. ரொட்டி அடுக்கியிருந்த இடத்தில் நூலகம் வந்தது. காய்கறி விற்ற இடத்தில் வண்டிப் பதிவு அலுவலகம். இறைச்சி வெட்டிய கடைசி மூலையில் கோர்ட்டு. இடையில் மார்பு உயரத்துக்குத் தடுப்புச் சுவர் வைத்தார்கள். கோர்ட்டு ஆவணங்கள் எல்லாம் பால் அடுக்கும் குளிர்பெட்டிகளில் இருக்கின்றன.

கோர்ட்டுக்குள் துப்பாக்கி கூடாது என்பது மாநிலச் சட்டம். அதே கட்டடத்தின் மற்ற இடங்களில், சட்டைக்குள் கைத்துப்பாக்கியோடு வருகிறவரை யாரும் தடுக்கக் கூடாது என்பதும் மாநிலச் சட்டம். 'துப்பாக்கி கூடாது' என்ற பலகை ஓர் அங்குலம் அதிகமாக ஆட்சி செய்தாலும் கவுண்டிக்கு நாள் கணக்கில் அபராதம். வண்டிப் பதிவு வரிசையில் நின்ற யாரோ ஒரு புண்ணியவான், கோர்ட்டுப் பலகை தன் கண்ணில் படுவதாகவும் அதனால் தன் உரிமை நடுங்குவதாகவும் கடிதம் எழுதிப் போட்டார். அவ்வளவுதான். கமிட்டி பதினொரு முறை கூடியது, நில அளவையாளர் வந்தார், டேப் ஒட்டினார்கள்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கோர்ட்டு அறை காலையில்தான் கோர்ட்டு. மதியம் பன்னிரண்டுக்கு மேல் அது முதியோருக்கான சாப்பாட்டு மண்டபம். சாப்பிட்டுக்கொண்டே, புள்ளி போட்ட கட்டைகளை அடுக்கி டோமினோ ஆடுவார்கள். அப்படியானால் அந்த அறை எந்த நொடியில் கோர்ட்டாக இருப்பதை நிறுத்துகிறது? இதற்காக மட்டும் கமிட்டி நான்கு முறை உட்கார்ந்தது. கடைசியில் ஆல்வின் யானெச்காவே கைப்பட ஒன்பதாம் விதியை எழுதினார். மேஜைமேல் முதல் டோமினோ கட்டை வைக்கப்பட்டதும் அது கோர்ட்டு அல்ல; அதுவரை கோர்ட்டு. எழுதி முடித்தபோது தனக்குப் புல்லரித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

லியோடா மரெக்குக்கு இதெல்லாம் தெரியாது. அவள் சந்தைத் தெரு பேக்கரியில் விடியற்காலை மூன்று மணியிலிருந்து மாவு பிசைந்து, பழம் வைத்த கொலாச்சி ரொட்டி சுடுகிறவள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த வியாழக்கிழமை மதியத்துக்குள் நீதிபதி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவளுடைய பழைய கணவன் கர்ட் ஸாபா இரண்டு வருஷத்துக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. அவள் இருக்கும் இடத்துக்கு இருநூறு கெஜத்துக்குள் வர முடியாது. போடாவிட்டால் அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. ஆறு வாரம் உயிரோடு இருப்போம் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை.

இது மூன்றாவது தேதி. முதல் தடவை டேப்பின் பசை காயவில்லை என்று வழக்கைத் தள்ளிவைத்தார்கள். இரண்டாம் தடவை, எல்லைக்கோடு நான்கு அங்குலம் நூலகத்துக்குள் போய்விட்டது என்று அளவையாளர் கண்டுபிடித்ததால் தள்ளிவைத்தார்கள். இதற்கிடையில் அவளுக்குக் கொடுத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவு காலாவதியாகிவிட்டது. அது காலாவதியான அன்று சாயங்காலமே கர்ட் தொலைபேசியில் கூப்பிட்டான். "அந்தக் காகிதத்துல கையெழுத்து விழறதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன் லியோடா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். போன வருஷம் அவள் கையை உடைத்ததற்கு முந்தின நாளும் இதே மாதிரி மெதுவாகத்தான் பேசினான்.

கோர்ட்டு வாசலில், டேப்புக்கு உள்பக்கமாகக் காவலர் மில்டன் ட்ரோஸ்ட் நின்றிருந்தார். ஐம்பத்தாறு வயது. இடுப்பில் துப்பாக்கியும் விலங்கும், மணிக்கட்டில் வளையல் போல ஒரு டேப் சுருள், சட்டைப்பையில் அளவுநாடா. நல்ல மனுஷர்தான். ஆனால் டேப் வந்த இந்த எட்டு மாதமாகத் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறார், தரையைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

"எங்க போறீங்க மேடம்?"

"கோர்ட்டுக்கு."

"துப்பாக்கி ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"வேணும்னா வெச்சுக்கலாம். நூலகத்துக்குப் போறதா இருந்தா."

"நான் கோர்ட்டுக்குத்தான் போறேன்."

"அப்ப வெச்சுக்க முடியாது."

"அதான் இல்லேன்னு சொன்னேனே."

"ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லி, 'கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் முடியாது' என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

கோர்ட்டு வாசலுக்கு வெளியே பழைய மாளிகையிலிருந்து தூக்கி வந்த நீளமான ஓக் மர பெஞ்சு ஒன்று கிடக்கிறது. மஞ்சள் டேப் தரையில் ஓடிவந்து, பெஞ்சுக் காலில் ஏறி, உட்காரும் பலகையைக் குறுக்கே கடந்து, முதுகுச் சாய்மானத்தில் ஏறி, மறுபடி தரைக்கு இறங்கிப் போகிறது. இடது பாதி கோர்ட்டு, வலது பாதி பொது இடம். லியோடா இடது கோடியில் போய் உட்கார்ந்தாள். மணி பத்து நாற்பது.

பத்து ஐம்பதுக்குக் கர்ட் வந்தான். நீலச் சட்டையை வெளியே விட்டிருந்தான். வண்டிப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் கிழித்துக்கொண்டு, சாவகாசமாக நடந்து வந்து, பெஞ்சின் வலது பாதியில் டேப்பை ஒட்டி உட்கார்ந்தான். உட்காரும்போது சட்டை வலது இடுப்பில் புடைத்ததை லியோடா பார்த்தாள்.

"என்ன லியோடா, இன்னிக்கு ஏப்ரிகாட் கொலாச்சி தீந்துடுச்சா?" என்று கேட்டான். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

அவள் எழுந்து மில்டனிடம் ஓடினாள்.

"அவன் இடுப்புல துப்பாக்கி வெச்சிருக்கான்."

மில்டன் பெஞ்சுக்கு அடியில் தரையைப் பார்த்தார். "எந்தப் பக்கத்து இடுப்புல?"

"வலது பக்கம்."

"அப்ப டேப்புலேருந்து இருபத்திரண்டு அங்குலம் அந்தப் பக்கம் வருது. சரியாத்தான் உக்காந்திருக்காரு."

"அவன் என்னைக் கொல்லப் போறேன்னு சொன்னவன் மில்டன்!"

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"காதால கேட்டேன்."

"துப்பாக்கியைச் சொல்றேன் மேடம். பாத்தீங்களா?"

"சட்டைக்குள்ள இருக்கறத எப்படிப் பாக்கறது?"

"அங்கதான் வில்லங்கம்" என்றார் மில்டன், நிஜமான வருத்தத்தோடு. "மறைச்சு வெச்சிருந்தா அது எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா அது மறைச்சு வெச்சதாவாது. கோர்ட்டுக்குள்ள வர்றவங்களைத்தான் நான் கேக்கலாம். வெளியில உக்காந்திருக்கறவரை இருக்கான்னு நான் போய்க் கேட்டா, அவர் உரிமையில கை வெச்ச மாதிரி. வெளியில தெரியற மாதிரி வெச்சிருந்தாருன்னா, அதுக்கு வேற கமிட்டி."

அவள் மறுபடியும் போய் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது. பெயர் கூப்பிடும்போது கோர்ட்டு எல்லைக்குள் இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. கோர்ட்டு எல்லைக்குள் உட்கார அந்த அரைப் பெஞ்சைத் தவிர வேறு இடம் இல்லை. உள்ளே ஓர் ஆட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒருவருடைய வெள்ளாடு பக்கத்து வீட்டு கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தை முழுசாகத் தின்றுவிட்டது. அது எரிந்துகொண்டிருந்தபோது தின்றதா, அணைத்த பிறகு தின்றதா என்று இரண்டு வக்கீல்கள் ஒரு மணி நேரமாக மோதிக்கொண்டிருந்தார்கள். லியோடா கடிகாரத்தைப் பார்த்தாள். கர்டும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றே காலுக்கு ஆல்வின் யானெச்கா வந்தார். டேப்பைப் பார்த்துப் படிக்க வந்த பக்கத்துக் கவுண்டி விருந்தாளிகள் மூன்று பேர் கூட வந்தார்கள். ஆல்வின் பெஞ்சின் முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்தார்.

"இதைத்தான் நீங்க பாக்கணும்னு சொன்னேன். ஒரே பெஞ்சு. இந்தம்மா உக்காந்திருக்கற பக்கம் அமெரிக்காவிலேயே பாதுகாப்பான இடம். இந்த ஐயா உக்காந்திருக்கற பக்கம் அமெரிக்காவிலேயே சுதந்திரமான இடம். பாதுகாப்பும் சுதந்திரமும் ஒண்ணா உக்கார முடியாதுன்னு சொல்றாங்களே, இங்க வந்து பாக்கச் சொல்லுங்க. நடுவுல எவ்வளவு இடைவெளி தெரியுமா? ரெண்டு அங்குலம்! டேப்போட அகலம்!"

விருந்தாளிகள் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் குனிந்து டேப்பைத் தடவிப் பார்த்தார். கர்ட் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான்.

லியோடா எழுந்து நின்றாள். "ஐயா, இவன் என் பழைய புருஷன். போன வருஷம் என் கையை உடைச்சான். இன்னிக்கு இந்தக் கையெழுத்து விழுந்துடக் கூடாதுன்னுதான் இங்க உக்காந்திருக்கான். இவன் சட்டைக்குள்ள துப்பாக்கி இருக்கு."

ஆல்வின் அவளை மிகுந்த கனிவோடு பார்த்தார். "அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. இந்தக் கவுண்டியில பெண்கள் பாதுகாப்புக்காக என்னை மாதிரி வாய் வலிக்கப் பேசினவன் கிடையாது. ஆனா யார் யாருக்குப் புருஷன், யார் கையை யார் உடைச்சாங்கங்கறதெல்லாம் கமிட்டிக்குள்ள வராது. நாங்க மனுஷங்களைப் பாக்கறதில்ல. தரையை மட்டும்தான் பாக்கறோம். மனுஷங்களைப் பாக்க ஆரம்பிச்சா, அப்புறம் நடுநிலைங்கறது என்ன ஆறது?"

"அவன் இங்கேருந்தே சுட்டா குண்டு இந்தப் பக்கம் வருமே!"

ஆல்வின் ஒரு கணம் யோசித்தார். விருந்தாளிகளும் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

"குண்டு வந்தா அது சட்டவிரோதம்" என்றார் ஆல்வின். "டேப்பைத் தாண்டின அந்த நொடியிலேருந்து அது கடுமையான குற்றம். அதுல எந்தச் சமரசமும் கிடையாது."

லியோடாவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. இந்த ஆள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே இதை நம்புகிறார் என்று புரிந்ததும் அவள் மறுபடி பெஞ்சின் இடது கோடியில் போய் உட்கார்ந்தாள்.

ஆடு விளக்கு எரியும்போதுதான் தின்றது என்று முடிவாகி, லியோடாவின் பெயரைக் கூப்பிட்டபோது மணி பதினொன்று நாற்பத்தாறு. உள்ளே நீதிபதி எட்னா வ்ராபெல், இறைச்சி வெட்டும் நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக நீதிபதியாக இருக்கிறவர்.

"கர்ட் ஸாபா!" என்று மில்டன் மூன்று முறை கூப்பிட்டார். தடுப்புச் சுவருக்கு மேலே கர்டின் தொப்பி நன்றாகத் தெரிந்தது.

"என் டோக்கன் அம்பத்தெட்டு. இப்ப அம்பத்தொண்ணுதான் ஓடுது" என்றது தொப்பி.

"அங்கதானே உக்காந்திருக்காரு?" என்று நீதிபதி கேட்டார்.

"கோர்ட்டுக்கு வெளியில இருக்காரு, அம்மா."

"எவ்வளவு வெளியில?"

"மூணு அங்குலம்."

"போய்க் கூட்டிட்டு வா."

"நான் டேப் வரைக்கும்தான் போக முடியும். கமிட்டி உத்தரவு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என் அதிகாரம் பசை தடவின இடத்தோட நின்னுடுதுன்னு இத்தனை வருஷமா எனக்கே தெரியாமப் போச்சு. சரி, எதிராளி வரலேன்னு எழுதிக்குங்க. நீ சொல்லும்மா."

லியோடா சொன்னாள். சுவருக்கு அப்பால் அவன் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே சொன்னாள். கை உடைந்த இரவு, உடைந்த கையோடு அடுப்படியில் ஒளிந்தது, தொலைபேசியில் வந்த அந்த ஒரு வாக்கியம். அவள் குரல் எங்கெல்லாம் இறங்கியதோ அங்கெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு செருமல் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயந்தாள்.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு முதியோர் வந்துவிட்டார்கள். கையில் பொரித்த மீனும் சோளரொட்டியும் வைத்த தட்டுகள். அவர்களுக்கு முன்னால் எர்வின் ஹோலுப் என்ற எண்பத்தொரு வயதுக்காரர், டோமினோ பெட்டியை மார்போடு அணைத்தபடி தனக்கு வழக்கமான மேஜையில் வந்து உட்கார்ந்தார். அவர்கள் பின்னாலேயே ஆல்வின் விருந்தாளிகளோடு நுழைந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்தோம். கோர்ட்டு எப்படிச் சாப்பாட்டு மண்டபமா மாறுதுன்னு இப்பப் பாக்கலாம். ஒன்பதாம் விதி. ஒரு கட்டையை வெச்சதும் மில்டன் பலகையைக் கழட்டுவார், டேப்பை உரிப்பார். அப்புறம் யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் வெச்சுக்கிட்டு உள்ள வரலாம்."

இதைக் கேட்டதும் பெஞ்சிலிருந்து கர்ட் எழுந்தான். வாசலுக்கு வந்து, பூட்ஸ் நுனி இரண்டும் டேப்பைத் தொடும்படி நின்றான். தாண்டவில்லை. லியோடாவைப் பார்த்தான். அவன் எதற்காக மதியம்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்குப் பின்னால் குளிர்பெட்டிகள்தான் இருந்தன, கதவு கிடையாது.

உத்தரவு நான்கு பக்கம். நீதிபதி ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் கீழே சுருக்கொப்பம் போட்டுக்கொண்டிருந்தார். கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது.

"நீதிபதியம்மா, நேரமாச்சு" என்றார் ஆல்வின்.

"எனக்கு இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

"பன்னிரண்டுக்கு மேல பலகை தொங்கினா அபராதம்மா. யாராவது கடிதம் போட்டுட்டா நான் பதில் சொல்லணும்."

"கட்டை வெக்கிற வரைக்கும் இது கோர்ட்டுன்னு உங்க விதியிலதானே இருக்கு?"

ஆல்வினின் முகம் மலர்ந்தது. "ஆமா, நான்தான் எழுதினேன்." உடனே திரும்பினார். "எர்வின், ஒரு கட்டையை எடுத்து வைங்க."

எர்வின் கர்டைப் பார்த்தார். லியோடாவைப் பார்த்தார். பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப்பையைத் தடவினார்.

"கண்ணாடியைக் காணோமே ஆல்வின்."

"உங்க நெத்தியில இருக்கு."

"இது தூரப் பார்வைக்கு. கட்டையில புள்ளி எண்ணறதுக்கு வேற."

"எண்ண வேண்டாம், எர்வின். சும்மா ஒண்ணு எடுத்து வைங்க."

"எண்ணாம வெக்கறதா? அறுபது வருஷமா ஆடறேன்யா. ஹென்றி வேற கழிப்பறைக்குப் போயிருக்கான். நாலு பேர் இல்லாம பெட்டியைத் திறந்தா அது என்ன ஆட்டம்?"

"பெருசு, போட்டுத் தொலை!" என்றான் கர்ட் வாசலிலிருந்து.

பொரித்த மீன் தட்டுகளோடு கிழவர்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவர்கூட நாற்காலியை இழுக்கவில்லை. பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் பக்கம் முடிந்தது. லியோடா நான்காம் பக்கத்தின் அடியில் இருந்த வெற்றுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணி மூன்று நிமிஷத்துக்கு நீதிபதி கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தி, காகிதத்தை மில்டனிடம் நீட்டினார். "அவன் கையில குடு. குடுத்ததும் துப்பாக்கியை வாங்கு."

மில்டன் போனார். டேப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு காகிதத்தை அந்தப் பக்கம் நீட்டினார். கர்ட் ஓர் எட்டு பின்னால் நகர்ந்தான். காகிதம் அந்தரத்தில் நின்றது.

"மில்டன், டேப்பு!" என்று ஆல்வின் கத்தினார். "கோர்ட்டுக் காவலர் வேலை அதோட முடியுது. அந்தப் பக்கம் கட்டடப் பாதுகாப்பு."

"கட்டடப் பாதுகாப்புக்கு யாரு இருக்காங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"ஆள் எடுக்க விளம்பரம் குடுத்திருக்கோம்."

கர்டின் வலது கை சட்டைக்குள் போயிற்று. மில்டனின் தோளுக்கு மேலாக அவன் லியோடாவை மட்டும் பார்த்தான். இதற்குள் பொறுமை இழந்த ஆல்வின், எர்வின் மடியிலிருந்து பெட்டியைப் பிடுங்கினார். எர்வின் விடவில்லை. இழுத்த இழுப்பில் மூடி திறந்து, கட்டைகள் எல்லாம் தரையில் கொட்டிச் சிதறின.

"தரையில விழுந்தது செல்லாது!" என்று ஆல்வின் எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தார். "மேஜையில வெக்கணும்!" பெரிய மனுஷர், கோட்டுப் போட்டவர், மண்டி போட்டுக் கிழவர்களின் கால்களுக்கிடையில் கட்டை தேடினார். ஒன்று அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மேஜையைப் பற்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

மில்டன் தரையைப் பார்த்தார். எட்டு மாதப் பழக்கம். தன் பூட்ஸையும் டேப்பையும் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி எதிரே நிற்கிறவனின் முகத்தைப் பார்த்தார். லியோடா அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிவப்பதை அவள் பார்த்தாள்.

அவர் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை. மணி அடிக்கவில்லை, கூரை விழவில்லை. வாசற்படியைத் தாண்டுவது போலத் தாண்டினார், அவ்வளவுதான். இடது கையால் காகிதத்தைக் கர்டின் சட்டைப்பையில் திணித்தார், வலது கையால் சட்டைக்குள் இருந்த அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். "குடுத்தாச்சு" என்றார். துப்பாக்கி நழுவிக் கீழே விழுந்து, காய்கறிப் பகுதிப் பக்கம் சறுக்கிக்கொண்டு போயிற்று. வண்டிப் பதிவு வரிசையில் நின்றவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"நீ இந்தப் பக்கம் வரக் கூடாதுடா!" என்று கர்ட் விலங்கு பூட்டும்வரை கத்திக்கொண்டே இருந்தான். "டேப்பைப் பாரு! டேப்பைப் பாருடா!"

லியோடா குளிர்பெட்டியில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்து, ஓவென்று அழுதாள். எர்வின் காலிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். கைக்குட்டையை நீட்டினார்.

அதே சமயம் மேஜைமேல் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஆல்வின் கட்டையை வைத்துவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னிரண்டு நாலு" என்று விருந்தாளிகளிடம் சொன்னார். "பாத்தீங்களா? கோர்ட்டு எல்லைக்குள்ள ஒரு சின்னத் தகராறுகூட இல்லாம மாறிடுச்சு."

இரண்டு வாரம் கழித்து விசாரணை நடந்தது. கர்ட் ஸாபாவை விசாரிக்கவில்லை. அது வேறு இலாகா. மில்டன் ட்ரோஸ்டை விசாரித்தார்கள். பணி எல்லையை மீறிப் பொது இடத்தில் பிரவேசித்தார் என்பது குற்றச்சாட்டு. கட்டடத்தில் அன்று காலியாக இருந்தது நூலகத்தின் குழந்தைகள் மூலைதான். ஆகவே கமிட்டி உறுப்பினர்கள் ஐந்து பேரும் முழங்கால் முகவாயில் இடிக்க, குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பூட்ஸ் பதிந்த இடம் டேப்பிலிருந்து பத்தொன்பது அங்குலம் என்று அளவையாளர் சாட்சி சொன்னார். குதிகாலிலிருந்தா, நுனியிலிருந்தா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பிறகு ஆல்வின் பேசினார். "மில்டன் மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. என் பேத்தி ஞானஸ்நானத்துக்கு வந்தவரு. ஆனா ஒரு நல்ல காரணத்துக்காக இன்னிக்கு ஒருத்தர் டேப்பைத் தாண்டினா, நாளைக்கு எல்லாரும் நல்ல காரணத்தைத் தேட ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் டேப்பு எதுக்கு? கமிட்டி எதுக்கு? நாங்க எதுக்கு?"

இந்தக் கடைசிக் கேள்வியையும் கமிட்டியின் குமாஸ்தா அப்படியே எழுதிக்கொண்டார்.

நேரில் பார்த்த சாட்சியாக லியோடாவை மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். பேக்கரியிலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கையில் மாவு காய்ந்திருந்தது. மில்டன் தன் நாற்காலியில் குனிந்து, நூலகத்துக் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனால் ஓய்வூதியமும் போகும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக மாவு பிசையும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒரே கேள்விதாம்மா" என்றார் ஆல்வின். "மில்டன் ட்ரோஸ்ட் அன்னிக்கு டேப்பைத் தாண்டினாரா, இல்லையா?"

"தாண்டினாரு" என்றாள் லியோடா. "அவர் தாண்டினதாலதான் நான் உயிரோட உங்க முன்னாடி நின்னு பேசிக்கிட்டிருக்கேன். தாண்டாம இருந்திருந்தா நீங்க இன்னிக்கு..."

ஆல்வின் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

"'தாண்டினார்'னு எழுதிக்குங்க" என்றார். "மிச்சம் வேண்டாம்."